ஏழரை

பெயர் வைத்தது டிரம்ஸ் அடித்த திருவேங்கடம்.
ஒரு சுற்றுக்கு ஏழரை அடி.
இரட்டித்து எண்ணினால் நாலு, நாலு, நாலு, கடைசியில் மூணு.
ஒன்று குறைகிற அந்த இடத்தில்தான்
கேட்கிறவன் கால் இடறுவான் என்றான்.
"சனிப் பேராச்சேடா" என்றேன்.
"நல்லதுதானே, பிடிச்சா ஏழரை வருஷம் விடாது."
எங்களைப் பதினாலே மாதத்தில் விட்டுவிட்டது.

எண்பத்து நாலு. சத்துவாச்சாரி.
சைக்கிள் டயர் குடோனுக்கு மேலே
ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை.
மே மாதத்தில் பாட்டு முடிவதற்குள்
கிடார் அரைச் சுருதி இறங்கியிருக்கும்.
இறங்கட்டும் என்று பாட்டையே
இறங்குகிற மாதிரி எழுதிக்கொண்டோம்.

ஆர்கன், எட்வின் சத்தியநேசன்.
காலையில் சர்ச்சில் ஞானப்பாட்டுக்கு வாசித்த விரல்கள்
மதியம் அதே கட்டைகளில் வேறு யாரையோ கூப்பிடும்.
கிடார், மேல்விஷாரம் இம்தியாஸ்.
தோள்வார் மட்டும் சொந்த மண்டிச் சரக்கு,
வியர்த்தால் ஆடு வாசம் அடிக்கும்.
பாடியது பியூலா, நர்சிங் இரண்டாம் வருடம்.
விடுதி கேட் எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.
எங்கள் பாட்டுகளில் பின்பாதி முழுக்க
குரலே இல்லாமல் போனதற்குக் காரணம்
அந்த வாட்ச்மேன்தான்.

நான் பேஸ். பகலில் மின்வாரியம்,
வீடு வீடாக மீட்டர் கணக்கு.

எங்களிடம் இருந்தது ஒரே பெரிய பாட்டு. 'பாலாறு.'
இருபத்திரண்டு நிமிடம்.
முதல் நாலு நிமிடம் வெறும் மணல்,
சிம்பலில் பிரஷ் தேய்கிற சத்தம்.
தண்ணீர் வருவது பதினேழாவது நிமிடத்தில்.
அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

குடியாத்தத்தில் லுங்கிக் கம்பெனி முதலாளி வீட்டு ரிசப்ஷன்.
அறுநூறு ரூபாய், சாப்பாடு.
மாப்பிள்ளையின் மாமா மேடையோரம் வந்து
"தம்பி, மணி எட்டரை ஆகுது, இன்னுமா ஏழரை?"
பதின்மூன்றாவது நிமிடத்தில் கரண்ட் போனது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
நானே பீஸைப் பிடுங்கியது போல.

திருவேங்கடம் நிறுத்தவில்லை.
பெட்ரோமாக்ஸ் தேடினார்கள், குழந்தை அழுதது,
யாரோ பன்னீர்ச் செம்பைத் தட்டிவிட்டார்கள்.
இருட்டில் நாங்கள் உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தோம்.
நாற்பத்தொரு சுற்று.
விளக்கு எரிந்த நொடியில்
மூணு முடிந்து ஒன்று தொடங்கியது.
ஆர்கன், கிடார், பேஸ்
ஒரே அடியில் இறங்கினோம்.
அதற்குப் பிறகு என் வாழ்க்கையில்
எதுவும் அவ்வளவு சரியாக நடக்கவில்லை.
கல்யாணம் உட்பட.

கைதட்டவில்லை யாரும்.
பந்தி வாசலில் சாம்பார் வாளியோடு நின்ற ஒருவன் மட்டும்
சரியாக மூணாவது எண்ணிக்கையில் தலையசைத்தான்.
பேர் கேட்க இறங்கினேன். ரசம் எடுக்கப் போய்விட்டான்.
பிறகு சினிமாப் பாட்டு கேட்டார்கள்.
வாசித்தோம். நாலு நாலாக.

மெட்ராஸ் கேசட் கம்பெனிக்காரர் நல்ல மனிதர், காபி கொடுத்தார்.
"ஆறு நிமிஷமா வெட்டிக் கொண்டாங்க, பார்க்கலாம்."
ரயிலில் அரக்கோணம் தாண்டியதும் இம்தியாஸ் சொன்னான்:
"தண்ணிய ஆரம்பத்துலயே விட்டுடலாமே."
எட்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
"அப்ப அது வேற ஆறு."
காட்பாடி வரை வேறு பேச்சு இல்லை.
சண்டை என்றால் அவ்வளவுதான், அந்த ஒரு வரிதான்.
பியூலா படிப்பு முடித்து மஸ்கட் போனாள்.
பெரிய டிரம்மை ராணிப்பேட்டை பேண்டு செட்டார் வாங்கிக்கொண்டார்கள்.

குடோனில் பதிவு செய்தது ஒரே ஒரு கேசட்.
எட்வின் வீட்டில் தெரியாமல் அதன்மேல்
ஈஸ்டர் பிரசங்கத்தைப் பதிந்துவிட்டார்கள்.
போன மாதம் கொடுத்தனுப்பினான்.
இருபத்தொன்றேகால் நிமிடம் உயிர்த்தெழுதல்.
ஆமென். ஒரு கிளிக்.
பிறகு எங்களுடைய கடைசி நாற்பது நொடி,
தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது,
கீழே டயர்க் கடையில் யாரோ பெல் அடித்துப் பார்க்கிறார்கள்.
போதகர் இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால்
அதுவும் இருந்திருக்காது.

முடிவில் ஒரு இருமல்.
நான்தான் என்று நினைக்கிறேன்.